முன்கூட்டிச் சொன்ன சாட்சி

வட்டவளைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் டெல்சியைத் தெரியாதவர்கள் இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பாள். கொழுந்து பறிக்கிற நேரமெல்லாம் வாய்க்குள் ஏதாவது ஒரு ஞானப்பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அவள் கணவன் ஜீவராஜ் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். அவன் கத்தியை விட வாய்தான் கூர்மை என்று ஊரே கேலி செய்யும்.

அந்த வாய்தான் முதலில் போனது. கார்த்திகை மழையில் மலையிலேயே சுருண்டு விழுந்தவனை நாலு பேர் சாக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பாரிசவாதம் என்றார்கள் டவுன் ஆஸ்பத்திரியில். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு அடியோடு நின்றுவிட்டது. கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வாராவாரம் கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினார்கள்.

டெல்சியும் விடாமல் கூட்டிப் போனாள். டிசம்பர் முடிவதற்குள் ஜீவராஜ் கட்டிலில் தானாக எழுந்து உட்கார்ந்தான். ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கவும் செய்தான். பயிற்சி கொடுக்கும் சிங்கள மிஸ் தனக்குத் தெரிந்த தமிழில், "விடாம வந்தா நடக்க ஏலும்" என்று சொன்னாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு டெல்சி வீடு வந்து சேர்ந்தாள்.

ஜனவரி முதல் தேதி, வருஷப் பிறப்பன்று காலையில் அவர்களுடைய சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். எந்த வசனம் வருகிறதோ, அதுதான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் அவர்களுக்குக் கொடுக்கிற வாக்கு. ஜீவராஜுக்காக டெல்சி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். எவ்வளவு நடந்தாலும் களைத்துப்போகாத கால்களைப் பற்றிய வசனம் வந்திருந்தது. பாஸ்டர் விஜிதரன் அதை மைக்கில் வாசித்ததும் சபை போட்ட சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. டெல்சி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

"வாக்கு வந்துருச்சு சிஸ்டர்," என்றார் பாஸ்டர். "இனிமே கெஞ்சிக்கிட்டு நிக்கக் கூடாது. கெடச்சிருச்சுன்னு நம்பி முன்னாடியே சாட்சி சொல்லிரணும். அதுதான் விசுவாசம்."

பாஸ்டர் கெட்டவர் அல்ல. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஜீவராஜ் விழுந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடியக் குந்தியிருந்தவர் அவர்தான். யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு டெல்சி எழுந்து மைக்கைக் கையில் வாங்கினாள். "எங்க வீட்டுக்காரர கர்த்தர் எந்திரிச்சு நடக்க வச்சிட்டாருங்க. ஸ்தோத்திரம்!" என்றாள். சபைக்கு அது பொய் இல்லை. நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்வது அங்கே பழக்கம். ஆனாலும் கைதட்டல் நிஜமான கைதட்டல். வாழ்நாளெல்லாம் கங்காணி கூப்பிட்டால் மட்டும் குரல் கொடுத்துப் பழகிய பெண் அவள். அந்த மைக் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஓடி வந்து ஜீவராஜிடம் ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவன் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இடது கையை அவள் தலையில் வைத்தான்.

அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் வந்து ஜீவராஜுக்காக உபவாச ஜெபம் செய்த பெண்கள் அதற்கப்புறம் அவள் வீட்டுக்கு வரவில்லை. "ஒங்களுக்குத்தான் வெற்றி கெடச்சிருச்சே" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வேறு லயத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். கிளினிக் நாள் வந்தது. நடந்துவிட்டார் என்று மைக்கில் சொல்லிவிட்டு, நடக்கப் பழக்குங்கள் என்று போய் நின்றால் ஆண்டவரைப் பொய்யர் ஆக்கினதாகிவிடாதா? அவள் போகவில்லை. போகாதே என்று பாஸ்டரோ வேறு யாருமோ சொல்லவில்லை. அந்த முடிவு முழுக்க அவளுடையது.

அவளிடம் கேட்டது பூரணி மட்டும்தான். அதே லயத்தில் பக்கத்து அறையில் குடியிருக்கும் காம்பராக்காரி, மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். பூரணி தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்டதால், டெல்சி மலைக்கும் சபைக்கும் போகிற நேரத்தில் ஜீவராஜுக்குக் கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

"ஏ டெல்சி, கிளினிக்குக்குப் போகாதன்னா ஒங்க சாமி சொன்னுச்சு?"

"இது விசுவாசம்க்கா. ஒங்களுக்குப் புரியாது."

"எனக்குப் புரியாது, சரி. அவன் காலுக்குப் புரியுமா?"

டெல்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாசங்கள் போயின. விடியுமுன் முழங்காலில் நின்று நன்றி மட்டும் சொன்னாள். "நடக்க வையுங்க" என்ற சொல் தொண்டை வரைக்கும் வரும், விழுங்கிவிடுவாள். கிடைத்துவிட்டது என்று சொன்ன பிறகு கேட்பது அவிசுவாசம் அல்லவா? மற்றவர்களுக்கு அழுது கேட்க ஒரு கடவுள் இருந்தார். அவளுக்கு நன்றி சொல்ல மட்டும்தான் இருந்தார். கொழுந்து பறிக்கும்போது வாயில் ஓடிய பாட்டு எப்போது நின்றதென்று அவளுக்கே தெரியாது. மனசு செத்துப்போயிருந்தது.

ஜீவராஜின் கால் மடங்கியபடியே இறுகிக்கொண்டு வந்தது. இடுப்பிலும் முழங்கையிலும் நீலம் நீலமாய்க் கன்றியிருந்தது. படுக்கை உரசலாக இருக்கும் என்று எண்ணெய் தடவிவிட்டாள். சபையில் "அண்ணன ஏன் கூட்டிட்டு வரல?" என்று யாராவது கேட்டால், "வருவாரு" என்று சிரித்து வைப்பாள்.

ஆடிக் காற்று அடிக்கிற நாட்களில் வலி தாங்காமல் அவன் முனகத் தொடங்கவும், வேறு வழியில்லாமல் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அதே மிஸ்தான். காலைத் தொட்டுப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"எய் மெச்சர பரக்கு?" என்றாள் சிங்களத்தில். ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்வி டெல்சிக்குப் புரிந்தது. முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது என்றும், இனி நடப்பது கஷ்டம் என்றும் மிஸ் மெதுவாகச் சொன்னாள். திட்டியிருந்தாலாவது தேவலாம் என்று டெல்சிக்கு இருந்தது.

அந்த ஞாயிறு, உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் சபைக்குப் போனாள். சாட்சி நேரம் வந்தது. பாஸ்டர் மைக்கை நீட்டினார். டெல்சிக்குக் கால் எழவில்லை. அத்தனை சந்தோஷமான முகங்களுக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வாள்? முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, ஆராதனை முடியுமுன் வெளியே வந்து, லயத்தை நோக்கி நடந்தாள்.

காம்பரா கதவு திறந்திருந்தது. ஜீவராஜ் தரையில் குப்புறக் கிடந்தான். பூரணி அவன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, கட்டில்லருந்து விழுந்துட்டாரா?"

பூரணி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"விழல டெல்சி. நின்னு பாக்குறான். நீ சபைக்குப் படியெறங்குன ஒடனே ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் செவுத்தப் புடிச்சு எந்திரிக்கப் பாக்குறான். விழுறான். மறுபடியும் எந்திரிக்கிறான். நீ அங்க சொன்னத உண்மையாக்கணுமாம் அவனுக்கு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சைக காட்டி எங்கையப் புடிச்சுக் கண்ணீர் விட்டான். நான் என்ன செய்ய?"

டெல்சியின் கண் அவன் இடுப்பில் இருந்த கன்றல்களுக்குப் போனது. எண்ணெய் தடவிய ஒவ்வொரு இரவும் அவன் வலியை மறைத்துக்கொண்டு படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. தரையிலேயே உட்கார்ந்து அவன் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். பூரணி கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

"எனக்காகவாங்க?" என்றாள். "எஞ்சொல்லு பொய்யாகிரக் கூடாதுன்னா இப்புடி விழுந்தீங்க?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வசன அட்டை சுவரில் குத்தியபடி இருந்தது. டெல்சி அதைப் பார்க்கவில்லை. இத்தனை மாசம் விழுங்கின சொற்கள் ஒரேயடியாக வந்தன. ஸ்தோத்திரம் இல்லை, நன்றி இல்லை.

"ஆண்டவரே, நீங்க சொன்ன வாக்க நான் வச்சுக்கத் தெரியாமக் கெடுத்துட்டேன். இவரு நடக்க வேணாம். இனிமே விழாம இருந்தாப் போதும். அத மட்டும் குடுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

நடக்க வேண்டாம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஜீவராஜின் இடது கை மறுபடியும் சுவரைத் தேடியது. டெல்சி அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.