சோறு கொண்டுவந்த கை

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் நான் கராஜ் வைத்திருந்தேன். ஒரு நாள், சீட்டுக்கு அடியில் இன்ஜின் உள்ள ஜப்பான் வேன் ஒன்று வந்தது. ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டும். அதன் பின்பக்கத்து நட்டு கண்ணுக்கும் தெரியாது, என் தடித்த கைக்கும் எட்டாது. அதை அங்கே வைத்தவனை ஏசி ஏசிப் புறங்கைத் தோலை உரித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பகல் சோறு கொண்டுவந்த என் மனைவியின் தம்பி எட்டிப் பார்த்தான். மருதமுனையில் தறி நெய்கிறவன்.

"மச்சான், நான் ஒருக்காப் பார்க்கட்டா?"

அவன் கையும் உரியட்டும் என்றுதான் விட்டேன். அறுந்த நூலைத் தடவிப் பிடித்து முடிகிற அந்த மெல்லிய விரல்கள் சின்ன ஸ்பேனரோடு உள்ளே போயின. கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் நட்டு அவன் உள்ளங்கையில் இருந்தது.

"கை எண்டா இதுதான் கை" என்றார் வேன்காரர். பதினைந்து வருஷம் எண்ணெயில் ஊறின என் கையை அவர் பார்க்கவேயில்லை. வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. "என்ட தம்பிர கை" என்று மனைவிக்கு வாய் ஓயவில்லை.

அடுத்த நாள் தொடக்கம் சோற்றைக் காலையிலேயே நானே கட்டிக்கொண்டு போனேன். பகலில் அது ஆறிக் காய்ந்து கிடக்கும். ஆனாலும் நிம்மதியாகத் தின்றேன்.