இருவருக்கும் ஒரே அளவு

நானும் என் தங்கையும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரட்டையர். சில நிமிடங்கள் முந்தியதால் நான் அக்கா. லிட்டில் இந்தியா சந்து ஒன்றில் எங்களுக்கு ரவிக்கை தைக்கும் தையல்காரம்மா என்னை மட்டும்தான் அளப்பார். தங்கைக்கும் அதே அளவு. சில வருடங்களாக அதுவும் கிடையாது. பழைய அளவை வைத்தே தைத்துத் தந்துவிடுவார்.

சென்ற தீபாவளிக்கு முன், தங்கை சுவா சூ காங்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து புது ரவிக்கையைப் போட்டுப் படம் அனுப்பினாள். தோளில் தொளதொளவென்று தொங்கியது. என்னுடையதை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன். பண்டிகை நெரிசலில் தையல்காரம்மா வேலையை வேறு யாரிடமோ தள்ளிவிட்டார் என்று முடிவுகட்டினேன்.

"விடு லா, பின் குத்திக்கிறேன்," என்றாள் தங்கை. அவள் அப்படி விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அதுவும் உறுத்தியது. வம்படியாகக் கடைக்கு இழுத்துப் போனேன்.

தையல்காரம்மா டேப்பை அவள் உடம்பில் சுற்றிப் பார்த்தார். பிறகு ரவிக்கையை மேசையில் விரித்து அளந்தார்.

"துணி சரியாத்தான் இருக்கும்மா. தங்கச்சிதான் ரொம்ப இளைச்சிருக்காங்க."

என் சந்தேகம் தங்கை பக்கம் திரும்பியது. "எனக்குத் தெரியாம டயட்டா?"

"தைராய்டு. அளவுக்கு மீறிச் சுரக்குதாம். மாத்திரை போடுறேன்."

"சும்மா சொல்லாத. நமக்கு ஒரே டிஎன்ஏ. உனக்கு வந்தா எனக்கும் வந்திருக்கணும்ல?"

"டாக்டர்கிட்ட நானும் அதைத்தான் கேட்டேன். ஜீன் ஒண்ணா இருந்தாலும், எது வேலை செய்யும், எது சும்மா கிடக்கும்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறுமாம். வயசாக ஆக ட்வின்ஸுக்குள்ள வித்தியாசம் கூடுமாம். உனக்கு வரலாம், வராமலும் போகலாம்னாரு."

டாக்டர் ஏதோ சமாளித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரே குறிப்பைப் பார்த்து வைத்தாலும் சாம்பார் வீட்டுக்கு வீடு மாறும், சரி. நாங்கள் ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தவர்கள் ஆயிற்றே.

"ஏன்டி என்கிட்ட மறைச்ச?"

"சொல்லியிருந்தா தினமும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்ப."

என் கை ஏற்கெனவே கழுத்தில்தான் இருந்தது. பயந்துபோயிருந்தேன்.

"இவளையும் கொஞ்சம் அளந்து பாருங்களேன்," என்றாள் தங்கை. டேப் என்னைச் சுற்றி வருவதற்குள், "எவ்ளோ? எவ்ளோ இருக்கு?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

"பழைய அளவேதான்," என்றார் தையல்காரம்மா.

எனக்கு அந்த டேப்பின் மேலும் சந்தேகம். இன்னொரு தடவை அளக்கச் சொல்லலாம் என்று திரும்பினேன். தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து, "அப்பாடா" என்று அழுதுகொண்டிருந்தாள். தனக்கு நோய் என்று தெரிந்த அன்றுகூட அவள் அழவில்லையாம்.