தட்டை வாங்கிக்கொண்டவர்

இரண்டு வரன்கள் தட்டிப்போன பிறகு, கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் தன் அம்மாவோடு திருவண்ணாமலைக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார். காபித் தட்டோடு கூடத்துக்குப் போனபோது டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவர் சட்டென்று எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

“டேய், பொண்ணுதான்டா குடுக்கணும்,” என்றார் அவருடைய அம்மா.

“இருக்கட்டும்மா,” என்றவர் என்னைப் பார்த்தார். “நீங்க குடிச்சீங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப உக்காருங்க, சேர்ந்தே குடிக்கலாம்.” முதல் டம்ளரை என்னிடம்தான் நீட்டினார். காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கண் கலங்கியது தெரியாமலிருக்கத் தலை குனிந்து குடித்தேன்.

அவர்கள் கிளம்பியதும், “என்ன சொல்றாங்கனு பார்ப்போம்,” என்றார் அப்பா.

“எனக்குச் சம்மதம்ப்பா,” என்றேன்.

அதுவரை மாப்பிள்ளை வீட்டாரின் பதிலுக்குத்தான் காத்திருப்போம். என்னிடமும் ஒரு பதில் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.