பெல் அடிக்காமல் மேலே வராத பந்து

எங்கள் சித்தி ஒரு பரீட்சையில் தேற வேண்டியிருந்தது. அதில் வேடிக்கை என்னவென்றால், அவள் எவ்வளவு படித்திருந்தாலும் போதாது, நாங்கள் ஒழுங்காக விளையாட வேண்டும். குழந்தை வகுப்பு டீச்சருக்கு சர்டிபிகேட் அந்தக் காலத்தில் அப்படித்தான் கிடைத்தது. பெங்களூரில் மிஷன்காரர்கள் நடத்திய பள்ளியில் பயிற்சி முடித்து, ஊருக்கு வந்து ஒரு வகுப்பை நடத்தி, கடைசியில் இன்ஸ்பெக்டர் துரைசானி வந்து உட்கார்ந்து ஒரு பாடத்தைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். "பசங்களோட வெளாடறதுக்கு இன்னாத்துக்குப் பரீட்சை?" என்று அப்பா சிரித்தார். அப்பாவுக்குச் சுரங்கத்தில் பாறைக்கு வெடிமருந்து வைக்கிற வேலை. அதற்கு அவரை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

சித்தி அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவள். சித்தப்பா சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டில் இறந்துபோயிருந்தார். எப்படி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சம்பளத்தன்று பொரி உருண்டை வாங்கி வருகிறவர் இனி வரமாட்டார் என்பதுதான் எனக்குத் தெரிந்த சாவு. அதற்குப் பிறகு சித்தி, பெங்களூரில் பயிற்சிக்குப் போயிருந்த நாள் போக, எங்கள் மூங்கில் தட்டி வீட்டிலேயே இருந்தாள். வாலாஜா பக்கமிருந்த அவள் மாமியார் வீட்டிலோ அறுப்புக்கு ஆள் வேண்டும், வந்து கூட்டிப்போகிறோம் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சர்டிபிகேட் வந்துவிட்டால் மிஷனில் நிரந்தர வேலை, பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓர் அறை. வராவிட்டால் மாமியார் வீட்டு மாட்டுக்கொட்டில். அம்மா வேண்டாத சாமியில்லை.

பள்ளிக்கூடத்தில் சித்தியை நான் டீச்சரம்மா என்று கூப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் வகுப்பு பிடித்திருந்தது. பிரம்பு கிடையாது, திட்டும் கிடையாது. குழந்தை எதை விளையாடுகிறதோ அதற்குள்ளேயே நாமும் போய்த்தான் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று பெங்களூரில் கற்றுக்கொடுத்திருந்தார்களாம். பெரிய வகுப்பு வாத்தியார் இதைக் கேட்டுவிட்டு அவர் பிரம்பை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பரீட்சைக்கு அவள் வைத்திருந்தது பந்துப் பாடம். பெங்களூரில் கம்பளிப் பந்துகளாம். இங்கே கம்பளிக்கு எங்கே போவது? கந்தலைச் சுருட்டி, மேலே சாயநூலைச் சுற்றி, ஆளுக்கொன்றாக அவளே செய்து கயிறு கட்டியிருந்தாள். நாங்கள் பெஞ்சுமேல் வரிசையாக உட்கார்ந்து, "பந்தே பந்தே கீழே போ" என்று பாடிக்கொண்டு இறக்க வேண்டும், "மேலே வா" என்று பாடிக்கொண்டு தூக்க வேண்டும். மேல், கீழ், நிறம், கைநிதானம் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

பெங்களூர்க் குழந்தைகளுக்கு அது பந்து. எங்கள் ஊரில் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குகிற சாமான் ஒன்றே ஒன்றுதான். முதல் நாளே, சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுக்கு, அதாவது கேஜுக்கு, பெல் கொடுக்கிறவரின் மகன் கத்திவிட்டான், "டேய், கேஜ்டா!" அவ்வளவுதான், வகுப்பே கேஜ் இறக்க ஆரம்பித்தது. அவன் சட்டமும் சொல்லிக்கொடுத்தான். கேஜில் ஆள் ஏறின பிறகு பெல் வரும். பெல் வராமல் கேஜைத் தூக்கக் கூடாது. எங்களுக்கு அது வேதவாக்காகிவிட்டது.

சித்திக்கு மட்டும் அந்த விளையாட்டு ஆகவில்லை. கேஜ் என்று யாராவது வாயெடுத்தால் பந்துகளைக் கூடையில் அள்ளிப்போட்டுவிட்டுக் களிமண்ணைக் கொடுத்துவிடுவாள். குழந்தையின் விளையாட்டுக்குள் போக வேண்டும் என்று சொன்னவள் இதற்குள் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. துரைசானி வருவதற்கு முந்தின நாள் எங்களை உட்காரவைத்துக் கெஞ்சினாள். "நாளிக்கு இது கேஜ் இல்ல கண்ணுங்களா, பந்து." சரி டீச்சரம்மா என்றோம். சரி என்று சொல்வதில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

துரைசானி பவுரிங்பேட்டையில் ரயில் மாறி வந்து இறங்கினாள். நல்ல மாதிரிதான். நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நாங்கள் பாடிக்கொண்டே பந்துகளைப் பெஞ்சுக்குக் கீழே இறக்கினோம். குழந்தைகளோடு பேசிப் பார்க்க ஆசைப்பட்டாளோ என்னவோ, தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் கேட்டாள், பந்து எங்கே போயிற்று என்று. கீழே என்று சொல்லியிருக்க வேண்டும். "ஷிஃப்டுக்கு" என்றேன் நான், பெருமையாக.

சித்தி முகத்தில் ஈயாடவில்லை. இருந்தாலும் விடாமல் "மேலே வா" என்று பாடினாள். ஒரு கயிறும் அசையவில்லை. மறுபடி பாடினாள். துரைசானி பென்சிலை எடுத்தாள். வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது பெல்காரர் மகன், ஏதோ பெரியவர்களுக்குப் புத்தி சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னான்.

"இன்னும் பெல் வர்லியே டீச்சரம்மா. ஆளுங்க உள்ள கீறாங்க."

சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பாடம் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். பிறகு மேஜையில் இருந்த பித்தளை டம்ளரையும் அடிக்கோலையும் எடுத்துத் தட்டினாள். ஆள் ஏறியாயிற்று என்பதற்கான தட்டு. கொஞ்சம் நிறுத்தி, தூக்கலாம் என்பதற்கான தட்டு. பிசகே இல்லை. இவளுக்கு இதெல்லாம் தெரியுமா என்று பெல்காரர் மகனே வாயைப் பிளந்தான். நாங்கள் தூக்கினோம். கல் ஏற்றுகிற வேகத்தில் இல்லை, ஆள் ஏற்றுகிற வேகத்தில், பந்து பெஞ்சில் உரசாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினோம்.

துரைசானிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை சின்னக் கைகளில் இத்தனை நிதானத்தை அவள் எங்கும் பார்த்ததில்லையாம். அது என்ன தட்டு என்று கேட்டதற்கு, கூட இருந்த பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சரம்மா, தாளம் என்று இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். சர்டிபிகேட் மழைக்கு முன்னால் வந்துவிட்டது. தாளத்தின் மூலம் குழந்தைகளைப் பழக்குவதில் தேர்ந்தவர் என்று அதோடு ஒரு பாராட்டும் வந்தது. மாமியார் வீட்டார் அதன் பிறகு ஆள் அனுப்பவில்லை. சித்தி அந்த அறையிலேயே இருந்து, தலை நரைக்கிறவரை எங்கள் சுரங்க லைன் வீடுகளின் குழந்தைகளுக்கெல்லாம் டீச்சரம்மாவாக இருந்தாள். எனக்கு இன்றைக்கும் அது சந்தோஷம்தான்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அப்பா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். சித்தப்பா சுரங்கத்தின் அடியில் கேஜில் ஏறிக்கொண்டிருந்தபோது, பெல் வருவதற்கு முன்னாலேயே கேஜைத் தூக்கிவிட்டார்களாம்.

பரீட்சையன்று துரைசானி போனதும் எல்லோரும் ஓடிவிட்டார்கள். நான் மட்டும் சித்தியோடு வீட்டுக்குப் போகக் காத்திருந்தேன். பந்துகளைக் கூடையில் வைத்து முடித்தவள் தரையில் மண்டியிட்டு, பெஞ்சுக்கு அடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பசி. "அல்லாரும் மேல வந்துட்டாங்க டீச்சரம்மா, உள்ள யாரும் இல்ல" என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பந்தெல்லாம் கூடையில்தானே இருக்கிறது, பரீட்சையும் முடிந்துவிட்டது, இவள் இன்னும் என்னத்தைத் தேடுகிறாள் என்று நான் சலித்துக்கொண்டு நின்றேன்.