மந்திரியின் தலையில் ஒரு வெட்டு

செஸ்ஸில் திருகோணமலையிலேயே என்னை வென்றவர் எவரும் இல்லை. பொய். நான் யாருடனும் விளையாடியதே இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறியவனுக்கு அந்தக் கட்டங்கள் எங்கே ஏறும்? ஆனால் ஒரு செஸ் பெட்டியால் எங்கள் வீடு பட்ட பாடு எனக்கு நன்றாகத் தெரியும்.

துறைமுகத்துக்குப் பின்புறத் தெருவில் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மரக் கடைச்சல் பட்டறை வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் எங்கள் வீட்டில் கட்டில் அவருக்கு, பாய் எனக்கு. லிங்கநகரில் ஒரு சம்பந்தம் பேசியபோது அம்மாவைவிட நான்தான் அதிகம் கும்பிட்டேன்.

பெண்ணின் தகப்பனார் துறைமுகக் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். செஸ் பைத்தியம். கப்பல்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன மரக்காய்கள் அவரிடம் இருந்தன. அந்தக் காலத்துப் பெரிய போட்டிகளில் வைத்து ஆடிய அதே வகை. மாமாவின் தொழிலைக் கேட்டதும் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இதைப் போல ஒண்டு செய்து கொண்டு வாரும் தம்பி. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

மிச்சம் என்றால் கல்யாணம்.

வெள்ளைக்கு முதிரை, கறுப்புக்குக் கருங்காலி என்று மாமா கடைந்தார். குதிரைத் தலைகூட அச்சாக வந்தது. பிறகு மந்திரியிடம், அதாவது பிஷப்பிடம், வந்தார். அந்தக் காயின் தலையில் சரிவாக ஒரு வெட்டு இருக்கும். அதுதான் அதன் அடையாளம். மாமாவுக்கும் என்னைப் போலத்தான் செஸ் ஞானம்.

"இதில அறுக்கிற வாள் வழுக்கியிருக்கு," என்றார்.

"நாலிலயும் ஒரே இடத்திலயோ வழுக்கும்?" என்று அப்பா கேட்டார்.

"வெட்டினவன் ஒருத்தன்தானே அத்தான்."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார். மாமா தன் மந்திரிகளை வெட்டில்லாமல் செய்தார். அத்தோடு விட்டாரா? வருங்கால மாமனாருக்கு உபகாரமாக, மரத்தூளை வச்சிரப் பசையில் குழைத்து, பழைய மந்திரிகளின் வெட்டுகளையும் அடைத்து, தேய்த்து, மெருகு போட்டார்.

எல்லாரும் லிங்கநகர் போனோம். பெரியவர் இரண்டு பெட்டியையும் திறந்தார். பழைய மந்திரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதின்ர தலைக்கு என்ன நடந்தது?"

"பழுதாக் கிடந்தது ஐயா. அடைச்சுப்போட்டன்," என்றார் மாமா, பெருமையோடு.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியவர் பெட்டியை மூடப் போனார். அப்போது தேத்தண்ணீர் கொண்டுவந்த பெண் தட்டை வைத்துவிட்டு ஒரு மந்திரியை எடுத்துப் பார்த்தார்.

"வெட்டு எந்தப் பக்கம் இருந்ததப்பா? காட்டுங்கோ பாப்பம்."

பெரியவர் கண்ணாடியைப் போட்டு, யன்னலடிக்குப் போய், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நான்கையும் பார்த்தார். கண்டுபிடிக்க ஏலவில்லை. முகம் கொஞ்சம் இளகியது.

"சரி தம்பி. வாளைக் கொண்டுவந்து எல்லாத்தையும் திரும்ப வெட்டும்."

காரியம் முடிந்தது என்று நான் மூச்சுவிட்டேன். மாமா விடுவாரா?

"நல்ல மரத்தில பிழை விடச் சொல்லுறியளோ ஐயா? என்ர கையால ஏலாது."

"டேய்!" என்றார் அம்மா.

"அப்ப நான் வெட்டுறன். பிடிக்கவாவது ஏலுமோ?" என்றார் அந்தப் பெண்.

மாமா உடனே தலையாட்டினார். பெண்ணின் கையில் மரக்கறி வெட்டும் கத்திகூட ஒழுங்காக நிற்காதாம், தகப்பனார்தான் சொன்னார். மாமா சின்ன வாளை எடுத்துவரச் சொல்லி என்னைப் பட்டறைக்கு விரட்டினார். விறாந்தையில் அவர் காயைப் பிடிக்க, அந்தப் பெண் வெட்டினார். இம்மியளவு வெட்டு, மொத்தம் எட்டுக் காய். மத்தியானம் தொடங்கியது, விளக்கு வைத்த பிறகும் முடியவில்லை. அப்பாவும் பெரியவரும் மந்திரிகள் இல்லாமலே ஒரு ஆட்டம் ஆடி முடித்துவிட்டார்கள். எனக்கோ பசி. "மாமா, அவவுக்கு வெட்டத் தெரியேல்ல, நீங்களே வெட்டுங்கோவன்," என்று நான் கத்தினேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் அப்படி என்ன பிழை என்று எனக்கு விளங்கவேயில்லை. கடைசிக் காயை எடுத்தபோது மாமா...

இருங்கள், உள்ளே இருந்து மாமி கூப்பிடுகிறார்.

"டேய், ஆருக்கடா அந்தக் கதையை அவிழ்க்கிறாய்? உன்ர அப்பாவின்ர வாய் உனக்கு. மாமா சாப்பிடாமல் உனக்காகப் பாத்துக்கொண்டிருக்கிறார், வா."