யாரும் அமுக்காத பொத்தான்

வேய் ஷுவாங்லியானுக்கு லிஃப்ட் என்றால் பயம், நாய் என்றால் பயம், தலைமை அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும் கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்வாள். குவாங்சி கிராமத்திலிருந்து லோங்ஹுவா தொழிற்பேட்டைக்கு வந்து ஆறு வருஷமாக எங்கள் தொழிற்சாலையின் சோதனை மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். விடுதியில் என் கட்டிலுக்கு மேல்கட்டில் அவளுடையது. இப்படிப்பட்டவள் சொந்தமாக ஒரு இசைப்பெட்டி செய்து நானூறு பேர் முன்னால் வாசித்தாள் என்றால் யார் நம்புவார்கள்? நான் பார்த்தேன். பார்த்ததற்கு இன்னும் அனுபவிக்கிறேன்.

நாங்கள் செய்வது மின்போர்வைக்கான சூட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. பொத்தானை அமுக்கி, விளக்கு எரிகிறதா, சூடு சரியான அளவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லது பச்சைத் தொட்டிக்கு, பழுது சிவப்புத் தொட்டிக்கு. பச்சைக்குப் போகும் ஒவ்வொன்றிலும் சோதித்தவளின் எண்ணைக் குத்த வேண்டும். அவள் எண் இருபத்தேழு.

இசைப்பெட்டியில் எட்டுக்கு எட்டாக அறுபத்துநான்கு பொத்தான்கள். ஹுவாச்சியாங்பெய் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையில் பொத்தான்களை எடைபோட்டு வாங்கினாள். தீப்பெட்டி அளவு மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்றை வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலில் உட்கார்ந்து கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்தாள். ஒரு பொத்தானை அமுக்கினால் மெமரி கார்டில் இருக்கும் ஒரு ஒலி வரும். எல்லாம் எங்கள் ஒலிகள்தாம். திருகாணி இறக்கும் துப்பாக்கி, ஷிஃப்ட் மணி, சாப்பாட்டுக்கூடத் தட்டுகள், சொல்ல வெட்கம், என் குறட்டையும். போனை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள் என்பதால், விரல் அளவு ரெக்கார்டரை சாக்ஸில் ஒளித்துக் கொண்டுபோய்ப் பதிவுசெய்தாள். நாய்க்குப் பயந்தவளுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ!

ஒருநாள் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் கெங் அவள் மேசைக்கு வந்து பேசிவிட்டுப் போனார். அந்தப் பேச்சை அவள் வலது கீழ்மூலைப் பொத்தானில் வைத்தாள். மற்றவற்றுக்கு மாட்டிய பிளாஸ்டிக் மூடியை அதற்கு மட்டும் போடவில்லை.

“அறிவிருக்கா உனக்கு? இதைப் போயி பாட்டுப்பெட்டியில வெக்கிறியே!” என்று திட்டினேன்.

“பெங் அக்கா, எங்கயாவது ஒரு வீட்ல போர்வை தீப்பிடிச்சா, நம்பரைப் பாத்து என்னைத்தானே தேடுவாங்க? கெங் அண்ணன் சொன்னாருன்னு அப்ப யார் நம்புவா? எனக்கு இது ஒண்ணுதான் சாட்சி. இதுக்குள்ள யாரும் தேட மாட்டாங்க. நானும் அந்தப் பொத்தானைத் தொட மாட்டேன்.”

வருஷக்கடைசி விருந்துக்கு ஒவ்வொரு லைனும் ஒரு நிகழ்ச்சி தர வேண்டும். கெங்கே அவள் பெயரைக் கொடுத்துவிட்டார். “பாட்டுப்பெட்டிக்காரி இருக்கறப்ப நமக்கென்ன கவலை?” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அவள் அன்று சாப்பிடவில்லை.

அந்த ஒலியை மட்டும் எடுத்துவிடு என்று கெஞ்சினேன். “முடியாதுக்கா. போன தடவை ஒண்ணை எடுத்தேன், மத்ததெல்லாம் வரிசை மாறிப்போச்சு. சரிபண்ண ரெண்டு வாரம் ஆச்சு. இப்ப ஓடுது. தொடவே பயமா இருக்கு,” என்றாள். அதற்குப் பதிலாக அறுபத்துநான்கையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள், மூன்று முறை. எல்லாம் சரி.

எங்கள் மேசைப் பழக்கமே அவளைக் கவிழ்த்தது. ஒரு விரல், ஒரு பொத்தான், அடுத்தது. மூன்றைச் சேர்த்து அமுக்கிப் பார்க்க எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு டையோடு வைத்து மின்சாரம் பின்பக்கம் ஓடாமல் தடுத்திருக்க வேண்டும். இல்லாமலே ஓடுகிறதே என்று விட்டுவிட்டாள். டையோடு இல்லையென்றால், ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளைச் சேர்த்து அமுக்கும்போது மின்சாரம் சுற்றிக்கொண்டு போய் நான்காவது மூலையையும் அமுக்கியதாகக் காட்டிவிடும்.

மேடையில் ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. தட்டுச் சத்தத்துக்குச் சிரித்தார்கள், ஷிஃப்ட் மணிக்கு ஓவென்று கத்தினார்கள். கைதட்டல் கேட்டதும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது, பாவம். கடைசியில் இரண்டு கைகளையும் விரித்து பெட்டியின் மற்ற மூன்று மூலைகளை ஒன்றாக அமுக்கினாள். அவள் தொடாத அந்த வலது கீழ்மூலை பேசியது.

“சிவப்புல போடாதே, பச்சையில போடு. எரிஞ்சா எரியட்டும். கண்டெய்னர் இன்னிக்குக் கிளம்பணும்.”

பயத்தில் அவள் விரல்கள் விறைத்துவிட்டன. எடுக்க வேண்டியவள் இன்னும் அழுத்தினாள். குரல் திரும்பத் திரும்ப வந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆனால் கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. “கெங் அண்ணன் குரல் அச்சு அசல்! யாருப்பா மிமிக்ரி பண்ணது?” என்று யாரோ கத்தினார்கள். முதலாளியும் சிரித்தார். கெங் எல்லாருக்கும் பிறகு சிரித்தார்.

பிறகு மேசை மேசையாகப் போய்க் கிண்ணம் மோதிக் குடிக்கும் மது வாழ்த்து ஆரம்பமானது. கெங் கிண்ணத்தோடு எங்கள் மேசைக்கு வந்தார். கிண்ணங்கள் மோதும்போது பதவியில் சின்னவர் தன் கிண்ணத்தைத் தாழ்த்திப் பிடிப்பதுதான் மரியாதை. ஷுவாங்லியான் தாழ்த்தினாள். கெங் அதற்கும் கீழே தாழ்த்தினார். அவள் பதறி இன்னும் தாழ்த்த, அவரும் தாழ்த்த, இரண்டு கிண்ணங்களும் மேசைத்துணியைத் தொட்டன. ஆறு வருஷமாக எங்களை ஆட்டிவைத்த மனிதர் அவளுக்குக் கீழே குனிவதைப் பார்த்தேன். எனக்கு அதில் துளி சந்தோஷம் இல்லை. பயந்துபோனவர் எதையும் செய்வார்.

“நல்லா இருந்துச்சும்மா. பெட்டியை என்கிட்ட குடு, பத்திரமா வெக்கிறேன்,” என்றார் மெல்ல. “வேற யார்கிட்டயாவது இது இருக்கா?”

அவள் கை பெட்டியை அவர் பக்கம் நகர்த்த ஆரம்பித்தது.

“என்கிட்ட இருக்கு,” என்றேன் நான்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. என்னிடம் ஒரு மண்ணும் இல்லை. கெங் என்னையே பார்த்தார். பிறகு என் கிண்ணத்தையும் அடியிலிருந்து மோதி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பெட்டியைத் தொடாமல் அடுத்த மேசைக்குப் போனார்.

மேசைக்கு அடியில் என் உள்ளங்கையில் ஏதோ குத்தியது. பெட்டியிலிருந்து உருவிய மெமரி கார்டு. “இப்ப நீங்க சொன்னது பொய் இல்லக்கா,” என்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

புத்தாண்டுக்கான வசந்த விடுமுறை முடிந்து வேலைக்கு வந்தோம். ஷுவாங்லியான் முதல் பழுதைச் சிவப்புத் தொட்டியில் போட்டாள். கெங் பின்னால் நின்று பார்த்துவிட்டு அப்பால் போனார். அடுத்ததும் சிவப்பு. இப்போதெல்லாம் அவள் லிஃப்டில்கூடப் போகிறாள். கெங் அவள் மேசையில் நிற்பதே இல்லை. என் மேசையில்தான் நிற்கிறார்.