ஊர்ப்பெயரில் போட்ட பூட்டு

போர் நின்றிருந்த, நாங்கள் சமாதான காலம் என்று சொல்லும் 2004ஆம் ஆண்டு அது. ஊர்காவற்றுறையில் இறங்குதுறைக்குப் போகும் வீதியில் நான் ஒரு கொமினிகேசன் கடை நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு ரெலிபோன், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், இரண்டு கணினி. இணையம் ஆமை வேகம்தான், ஆனாலும் எங்கள் தீவில் அப்போது அது பெரிய விஷயம். வயர் இழுத்ததிலிருந்து பலகை எழுதியது வரை எல்லாம் என் ஏற்பாடு. கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்?

வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. ஆகவே எல்லோருக்கும் ஈமெயில் வேண்டும். ஆனால் அதைத் திறக்கும் பாஸ்வேட்டை மட்டும் மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். புதிதாக ஒருவரைக் கண்டால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "நீர் எந்த ஊர்?" என்றுதானே? அந்த ஊர்ப்பெயரையே பாஸ்வேட்டாகப் போட்டுக் கொடுத்தேன். புளியங்கூடல் ஆட்களுக்குப் புளியங்கூடல், நாரந்தனை ஆட்களுக்கு நாரந்தனை. ஈமெயில் முகவரியும் அப்படித்தான், பெயரும் ஊரும் சேர்த்து. செத்தாலும் மறக்காது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அந்த நாட்களில் வெளிநாட்டு நிதியில் ஒரு திட்டம் வந்தது. கணினி வைத்துத் தொழில் செய்யும் சின்னக் கடைகளுக்கு ஆள் அனுப்பி, வைரஸ் துப்புரவாக்கி, பாதுகாப்பாக வைத்திருக்கும் முறையைச் சொல்லித் தருவார்களாம். ஒரு சதம்கூடச் செலவில்லை. எனக்குப் பாதுகாப்பில் ஒரு அக்கறையும் இருக்கவில்லை. சுற்றிவரக் கடல், போதாததற்குச் சந்திக்குச் சந்தி ஆமிக் காவல், என் கணினிக்குள் யார் வந்து என்ன எடுக்கப் போகிறார்கள்? ஆனால் கரண்ட் நின்றாலும் கணினியைக் கொஞ்ச நேரம் தாங்கும் பெட்டி ஒன்றும் இலவசமாகத் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, அதற்காகவே படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

அவர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு திங்கட்கிழமை, புளியங்கூடலில் இருந்து வழக்கமாக வரும் ரீச்சர் ஒருவர் பள்ளிக்கூடம் விட்ட கையோடு கடைக்குள் வந்தார். முகம் சிவந்து, கண் வீங்கியிருந்தது. அவருக்கு நெடுந்தீவுப் பெடியன் ஒருவரோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நோர்வேயில். அவருடைய அகதி வழக்கை அங்கே தள்ளுபடி செய்துவிட்டார்களாம். மேன்முறையீடு செய்திருப்பதாகவும், ஊரில் தாய்க்கு மட்டும் தெரியவே கூடாது என்றும் ரீச்சருக்கு ஈமெயிலில் எழுதியிருக்கிறார். ஒரு கிழமைக்குள் அந்தக் கதை நெடுந்தீவு வரை போய்விட்டது. தாய் அன்னந்தண்ணி இல்லாமல் கிடக்கிறா. "உம்மை நம்பிச் சொன்னது என் பிழை, கல்யாணப் பேச்சை நிறுத்துவோம்" என்று மாப்பிள்ளை எழுதிவிட்டார்.

"அக்கா, அந்தக் கடிதத்தை நான் உங்கட கடையில வைச்சுத்தான் திறந்தனான். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அப்ப நான் சொன்னனான் எண்டுறீரோ?"

"வேற ஆர் அக்கா?"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "மாதா அறிய, உம்மட கடிதத்தில ஒரு வரி நான் வாசிச்சதில்லை. இந்தக் கடைக்குள்ள கேட்ட கதையெல்லாம் நான் வெளியில விட்டிருந்தா, இந்தத் தீவில பாதிக் கல்யாணம் நடந்திராது!" என்று கத்தினேன். அந்தப் பிள்ளை இறங்கிப் போய்விட்டது.

நான் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமோ? மறுநாளே வாடிக்கைக்காரர்கள் என்னைக் கண்டதும் ரெலிபோனில் குரலைத் தாழ்த்தினார்கள். அது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை திட்டத்து ஆள் வந்தது. என்னைவிடப் பத்து வயது குறைந்த ஒரு பெண், கையில் குடை, தோளில் பாரமான பை.

"பெட்டி எங்க பிள்ளை?" என்றேன் வந்ததும் வராததுமாக.

சிரித்தாள். "பெட்டி வரும் அக்கா. முதல்ல கணினியைப் பாப்பம்."

இறுவட்டைப் போட்டு வைரஸ்களைப் பிடித்தாள். பிறகு வாடிக்கைக்காரர்களின் பாஸ்வேட் எல்லாம் எப்படி என்று கேட்டாள். என் கண்டுபிடிப்பை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தாள்.

"உங்கட பேர் வெளியில பலகையில இருக்கு. ஊர் எது அக்கா?"

"நாரந்தனை."

தட்டினாள். என் ஈமெயில் திறந்துகொண்டது. என் மனுசனைப் பற்றி பரிஸ் நகரில் இருக்கும் தம்பிக்கு நான் எழுதிய புலம்பல் அவன் பதிலோடு சேர்ந்து மேலேயே கிடந்தது. நான் பாய்ந்து திரையை நிற்பாட்டினேன்.

"நான் இந்தத் தீவுக்கு இண்டைக்குத்தான் முதன்முதல் வந்தனான்," என்றாள் மெதுவாக. "எனக்கே அரை நிமிசம் போதும். அப்ப ஊர் ஆக்களுக்கு?"

ஐயோ, அப்போதுதான் எனக்கு விளங்கியது. புளியங்கூடலில் தன் பாஸ்வேட் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ரீச்சரின் பாஸ்வேட்டும் தெரியும். என் கடையிலேயே, நான் இழுத்துப் போட்ட கதிரையில் இருந்தே, யாரோ அந்தக் கடிதத்தை ஆற அமர வாசித்திருக்கக் கூடும். யார் என்று இன்றுவரை தெரியாது. தேடவும் இல்லை. கதவைத் திறந்து வைத்தவள் நான்.

"உங்களைக் குறை சொல்ல வரேல்லை அக்கா. போற கடையெல்லாம் இப்பிடி ஒவ்வொரு கூத்துத்தான்," என்று அந்தப் பிள்ளை என்னைத் தேற்றியது. எப்படி மாற்றுவது என்று பொறுமையாகச் சொல்லித் தந்துவிட்டு பஸ் ஏறியது.

கடை தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக நான் பகலில் கதவைப் பூட்டினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு புளியங்கூடல் போனேன். ரீச்சர் விறாந்தையில் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். இருங்கோ என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "நான் சொல்லேல்லை. ஆனா பிழை என்ரதான்."

முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை என்னட்டைச் சொல்லி என்ன செய்யிறது? அவரிட்டைச் சொல்லுங்கோ," என்றார்.

மறுநாள் பின்னேரம் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோர்வேக்கு அழைப்பு எடுத்தேன். வாய்க்குப் பஞ்சமில்லாத நான் அன்று ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். இந்தப் பிள்ளை ஒருவருக்கும் சொல்லவில்லை, என் கெட்டித்தனம்தான் இவ்வளவுக்கும் காரணம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"அக்கா," என்றார் மாப்பிள்ளை. "என்ர பாஸ்வேட்டும் நெடுந்தீவுதான்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. "தம்பி, முதல்ல அதை மாத்தும்!" என்று கத்தினேன்.

"அவ பக்கத்தில நிக்கிறாவோ?"

ரிசீவரை ரீச்சரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்களையும் உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றேன். நெடுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த ரீச்சர், "ஆவணியில கல்யாணம் அக்கா, மாற்றமில்லை," என்றார். அந்த வீதியில் வைத்தே அவரைக் கட்டிப்பிடித்தேன்.

அடுத்த இரண்டு கிழமையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் பாஸ்வேட்டை அவரவரே மாற்ற வைத்தேன். கடற்தொழில் செய்யும் ஒரு அண்ணை மட்டும் மல்லுக்கு நின்றார். "நீர் அடியும் பிள்ளை, உமக்குத் தெரியாத ரகசியம் என்னட்டை என்ன கிடக்கு?"

"ஏலாது அண்ணை. உங்கட விரலால நீங்களே அடியுங்கோ."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அவர் குத்தி முடிக்கும் வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று நான் கொழும்பில் இதைவிடப் பெரிய கடை நடத்துகிறேன். என்னை நம்பித் தரும் எதையும் எப்படிக் காப்பது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நேர்மையாய் இருந்தால் மட்டும் போதும் என்று நான் மார்தட்டிய அந்தக் காலத்தில், என் கவனக்குறைவால் ஒரு பிள்ளை பொய்க்காரி என்று பெயர் வாங்கி அழுததை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் எனக்குக் கன்னம் சுடுகிறது.